மணிமேகலையிற் சமத்துவமும் நெஞ்சுரமும்

உ. வே. சாமிநாதையர் 1898 ஆம் ஆண்டிலே மணிமேகலையைப் பதிப்பித்து வெளியிட்ட காலந்தொட்டு, அந்நூலைக் கற்றோர் பெரும்பாலும் இரண்டு வழிகளிலேயே அதனை அணுகி வந்துள்ளனர். சமய வரலாறு ஆராய்வோர் சமயக் கணக்கர் திறங் கூறும் 27 ஆம் காதையையும் இறுதி இரு காதைகளையும் எடுத்துக்கொண்டு, அவற்றிற் காணப்படும் அளவைநூற் கருத்துக்களை வடமொழி நூல்களோடு ஒப்பிடுவர். இலக்கியம் ஆராய்வோர் சிலப்பதிகாரத்தை ஒரு தட்டிலும் மணிமேகலையை மறு தட்டிலும் இட்டு நிறுத்து, பின்னது கதைக்கட்டிற் குறைந்தது, சமயப் பிரசாரத்தால் நலிவுற்றது என்று தீர்ப்பளித்து அமைவர். இவ்விரு சாராரும் நூலின் நடுப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர். 11 ஆம் காதை தொடக்கம் 25 ஆம் காதை ஈறாகவுள்ள அப்பகுதியிலேயே சாத்தனாரின் தனித்தன்மை உளது.

மக்கள் யாவரும் ஒப்பர் என்று கூறுதல் எளிது. அவ்வொப்புமையை எவ்விடத்தில் வைத்துச் சோதிப்பது என்பதே வினா. பழந்தமிழ்ப் புலவர் நெஞ்சுரத்தைப் பெரும்பாலும் போர்க்களத்தில் வைத்துக் கண்டனர். மணிமேகலையின் கதை நிகழ்ச்சியிலோ வாள் வீசப்படுவது ஒருமுறையே. அதுவும் ஆள் அடையாளந் தெரியாத காஞ்சனன் என்னும் விஞ்சையன் உதயகுமரனை எறிந்த பிழைச்செயல். சாத்தனார் நெஞ்சுரத்தைத் தேடியது வேறிடங்களில்: இரவிலே வேள்விப் பசு கட்டி நிற்கும் முற்றத்தில், பிச்சைக்காகத் திறக்கும் வீட்டு வாயிலில், ஊரம்பலத்தில், சிறைக்கூடத்தில். இவை யாவும் நாள்தோறும் மக்கள் நடமாடும் இடங்கள். இப்புலவரைக் கூலவாணிகன் என்று மரபு அழைக்கின்றது. தானியம் அளந்து விற்றவர் பசியைப் பற்றிப் பாடினார் என்பது தற்செயலாகவும் இருக்கலாம். எனினும் பசித்தவனுடைய முகத்தைக் கடைவாயிலில் நின்று கண்டவரின் நோக்கு இந்நூலில் உண்டு என்று கருதுவதற்கு இடமிருக்கிறது.

இந்நோக்கு முதன்முதல் துலக்கம் பெறுவது ஆபுத்திரன் வரலாற்றிலாகும். அறவணவடிகள் மணிமேகலைக்குக் கூறுவதாக அது அமைந்துள்ளது. வாரணாசியில் வேதம் ஓதுவித்த அபஞ்சிகன் என்னும் அந்தணனின் மனைவி சாலி ஒழுக்கந் தவறியவள். அப்பழி தீரக் குமரியாடச் செல்லும் வழியில் அவள் ஒரு மகவை ஈன்று, இரவிலே தோட்டமொன்றில் இட்டுச் செல்கிறாள். பசுவொன்று ஏழு நாள் பால் சொரிந்து அக்குழவியைக் காக்கிறது. வயனங்கோட்டு அந்தணனாகிய இளம்பூதி அவ்வழியே மனைவியோடு வந்தவன். குழவியின் அழுகுரல் கேட்டு, இவன் ஆமகன் அல்லன், என் மகனே என்று எடுத்துச் சென்று வளர்த்து, வேதமும் கற்பிக்கிறான். பிறப்பு யாதென்று வினவாமல் ஒருவன் ஒரு குழந்தையை மகனாக ஏற்றுக்கொண்ட இச்செயல் காப்பியத்திற் சில அடிகளில் முடிந்துவிடுகின்றது. இளம்பூதியின் பெயரை ஈண்டு நினைவில் இருத்துதல் வேண்டும். பின்னர் அவன் வேறொரு முகத்தோடு வருகின்றான்.

வளர்ந்த சிறுவன் அவ்வூர் அந்தணன் ஒருவன் மனையிலே, வேள்விக்கென்று கொம்பில் மாலை சூட்டிக் கட்டப்பட்ட பசுவைக் காண்கிறான். அது கொலைக்கு அஞ்சிக் கதறி நிற்கிறது. அவன் உடனே வாதிடவில்லை, ஊரைக் கூட்டவுமில்லை. இரவு வரும்வரை அங்கே மறைந்திருந்து, நள்ளிருளில் அதனை அவிழ்த்துக்கொண்டு போகிறான். கரடுமுரடான வழியில் அந்தணர் அவனைத் தொடர்ந்து பிடித்து, கோலால் அலைக்கின்றனர். காப்பியம் முழுவதிலும் மந்திரம், தெய்வம், அற்புதம் எதன் துணையுமின்றி ஒரு தனி மனிதன் தன் ஊர் முழுமைக்கும் எதிராக நிற்கும் இடம் இது ஒன்றே எனலாம். மணிமேகலைக்குப் பசியை ஒழிக்கவும், வேற்றுருக் கொள்ளவும், வான்வழிச் செல்லவும் மந்திரங்கள் உண்டு. இச்சிறுவனுக்கு ஒன்றுமில்லை. ஆதலின் மணிமேகலையின் துணிவினும் இவனுடைய துணிவே படிப்போர் நெஞ்சில் ஆழப் பதிகின்றது.

அதன்பின் நிகழும் சொற்போர் புகழ்பெற்றது. பிறந்த நாள்தொட்டு யாவர்க்கும் பாலூட்டும் உயிரோடு உங்களுக்கு என்ன பகை என்று அவன் கேட்கிறான். மறைநூற் பொருளறியாத நீ ஆவின் மகனாதற்கே பொருத்தமானவன் என்று அவர்கள் இகழ்கின்றனர். அதற்கு அவன், ஆவின் வயிற்றிலும் மான் வயிற்றிலும் புலி வயிற்றிலும் நரி வயிற்றிலும் பிறந்தோரை உங்கள் குலத்து முனிவர் என்று நீங்களே போற்றுகின்றீர் அல்லீரோ என்று விடையிறுக்கிறான். சாலியின் கதையை அறிந்த ஒருவன் எழுந்து, இவன் கணவனைத் துறந்து ஓடியவள் மகன் என்று வெளிப்படுத்துகின்றான். ஆபுத்திரன் நகைத்து, தெய்வக் கணிகைக்குப் பிறந்த முனிவரைச் சுட்டி அதற்கும் விடை கூறுகின்றான்.

இப்பகுதியைச் சாதிமறுப்பின் சிகரமென மேடைதோறும் எடுத்துக் காட்டுவாருளர். அவன் நகைப்பிலுள்ள அச்சமின்மை பாராட்டத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆயினும் வாதமென்ற அளவில் நோக்குமிடத்து அது வலிமை குறைந்தது என்றே சொல்லவேண்டும். இழிபிறப்பினர் என்று கருதப்படுவோர் சிலர் முனிவராயினர் என்பது அவ்வாதத்தின் சாரம். முனிவராகாத இழிபிறப்பினர் நிலை யாது? பெருமை அடைந்த பின்னரே பிறப்பு மன்னிக்கப்படும் என்றால், பெருமை அடையாதவன் தலையிற் பிறப்பின் பழி அவ்வாறே நிற்குமன்றோ? எதிரியின் நூலிலிருந்தே சான்று எடுத்து எதிரியை மடக்குதல் தருக்க சபைக்கு ஏற்ற உத்தி. அதனால் எதிரி வாயடைப்பான். ஆனால் அவன் கொண்ட அளவுகோல் முறிவதில்லை. சாத்தனார் இதனை உணர்ந்திருந்தார் என்பதற்குக் கதையின் போக்கே சான்று. வாதத்தில் ஆபுத்திரன் தோற்கவில்லை. எனினும் வாதத்தால் அவனுக்கு யாதொரு பயனும் விளையவில்லை.

ஊரார் அளித்த மறுமொழி சொல்லன்று, செயல். இவன் வேதம் ஓதற்குத் தகுதியற்றவன் என்று இளம்பூதியும் அவனை மனையிலிருந்து நீக்கிவிடுகின்றான். தனிவழியிலே யாருங் காணாதபோது கைவிடப்பட்ட குழந்தையை வாரியெடுக்குந் துணிவு அவனிடம் இருந்தது. ஊர் கூடி நிற்கும்போது அதே மகன் பக்கத்தில் நிற்குந் துணிவு இல்லாதுபோயிற்று. நல்லுள்ளம் படைத்தோர் பலர் தவறும் இடம் இதுவே. சாத்தனார் அவனைத் தீயவனாகக் காட்டாமல் ஓரடியிற் சொல்லி அகன்றமை அவர் கலைநயத்துக்கு எடுத்துக்காட்டு. அடுத்து, அந்தணர் வாழும் ஊர்கள் எங்கணும் பசுக்கள்வன் என்று சொல்லி அவனுடைய பிச்சைப் பாத்திரத்திற் கல்லை இடுகின்றனர். கோலால் அடித்தது ஒருநாள் வெகுளி. கல்லிட்டதோ ஓர் ஒழுங்கு. ஊர்தோறும், வாயில்தோறும், கூடிச் செய்யப்படுவது. இவன் நம்மோடு உண்ணத் தகாதவன் என்னும் தீர்ப்பை ஏட்டில் எழுதாமல் ஏனத்தில் எழுதிய முறை அது.

யாழ்ப்பாணத்துக் கற்போர்க்கு இக்கல்லின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் இங்குள்ள பாடசாலைகளிலே பிள்ளைகள் ஒரே வாங்கில் இருத்தலும் ஒரே பந்தியில் உண்ணுதலுமாகிய சமாசனம், சமபோசனம் என்பன பெரும் பூசலுக்கு உரியனவாயின. 1957 ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. அதன்பின்னரும் 1968 இல் மாவிட்டபுரம் ஆலயத்தின் வாயிலில் வழிபட வந்தோர் உள்ளே செல்லவிடாது தடுக்கப்பட்டனர். தேநீர்க் கடைகளிற் சமமாக இருந்து அருந்துவதற்கும் போராட வேண்டியிருந்தது. ஆபுத்திரன் கதையைப் பாடநூலில் வைத்துப் பொருள் கூறிய வகுப்பறையும், அவன் ஏனத்திற் கல்லிட்ட வாயிலும் ஒரே ஊரில் இருந்தன.

காப்பியத்துக்கு மீள்வோம். தென்மதுரையை அடைந்த ஆபுத்திரன் சிந்தாதேவி கோயிலின் முன்புறத்தே தங்குகிறான். அவ்விடத்தின் பின் அவன் பிறப்பைப் பற்றி ஒரு சொல்லேனும் வாதித்ததாகக் காப்பியம் கூறவில்லை. மனைதோறும் சென்று இரந்து, குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோர், நோயால் வருந்துவோர் யாவரையும் கூவி அழைத்து ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு, பாத்திரத்தையே தலையணையாக வைத்து உறங்குகின்றான். இப்பட்டியலை உற்று நோக்குதல் தகும். அதிற் குலப்பெயர் ஒன்றேனும் இல்லை. எல்லாப் பெயர்களும் தேவையைக் குறிப்பன. பிறப்பால் ஒப்பர் என்று நிறுவ முயன்று ஓய்ந்த ஒருவன், பசியால் ஒப்பர் என்பதை நிறுவத் தேவையே இல்லை என்று கண்டுகொண்டான். முன்னது வாதத்துக்கு உட்பட்டது. பின்னது கண்ணுக்குத் தெரிவது. கல்விழுந்த பாத்திரத்தையே அவன் மற்றவர்க்குச் சோறிடும் கலமாக்கினான் என்பதைப் புலவர் சுட்டிக்காட்டாமலே விடுகின்றார்.

மழை பெய்த ஓர் இரவிற் பசித்து வந்தோர்க்குக் கொடுக்க ஒன்றுமின்றி அவன் வருந்தும்போது சிந்தாதேவி அமுதசுரபியை அளிக்கிறாள். அங்கிருந்து கதை அற்புதத்தின் வழிப்படுகின்றது. அற்புதத்தினிடையே எழும் சிக்கல் ஆழ்ந்த சிந்தனைக்கு உரியது. இந்திரன் முதிய அந்தணன் வடிவில் வந்து வரந்தர முன்வருகிறான். அறஞ் செய்வாரும் அற்றாரைக் காப்பாரும் இல்லாத உன் உலகம் எனக்கு எதற்கு என்று ஆபுத்திரன் எள்ளி நகையாடுகின்றான். வெகுண்ட இந்திரன் அவனைத் தண்டிக்கக் கண்ட வழி மழை! பன்னீராண்டு வற்கடம் நீங்கிப் பாண்டிநாடு செழிக்கிறது, பசித்தோர் இல்லாமற்போகின்றனர், ஆபுத்திரனைத் தேடி வருவாரில்லை. அவன் இருந்த அம்பலத்தில் இப்பொழுது வம்பரும் வீணரும் கூடிச் சூதாடி வீண்பேச்சுப் பேசிக் களிக்கின்றனர்.

இங்கே சாத்தனார் இடறுகின்றார் என்று கூறுதல் பிழையாகாது. நாடு முழுவதும் பசி நீங்கியதைக் கண்டு மகிழவேண்டியவன் யார்? பிறர் பசியே தன் பசியென வாழ்ந்த ஆபுத்திரனன்றோ? அவனோ வழங்குதற்கு ஆளின்றித் திகைக்கின்றான். புலவரும் அவனோடு சேர்ந்து நிறைவயிற்று மக்களை இகழ்கின்றார். ஈகையைத் தலையாய அறமாக வைத்த நூலிலே, ஈவோன் பெருமைக்கு இல்லாதவன் இன்றியமையாதவனாகி விடுகின்றான். பசித்தவன் இல்லாவிடின் அறவோன் தனிமரமாவான் என்றால், அவ்வறம் பசித்தவனைச் சார்ந்து நிற்கிறதே ஒழியப் பசித்தவன் நிமிர்ந்து நிற்பதை நாடி நிற்கவில்லை என்ற ஐயம் எழுகின்றது. கொடையால் வரும் சமத்துவத்துக்கு உள்ள உட்பகை இது.

இச்சிக்கல் மணிபல்லவத்தில் முற்றுகின்றது. சாவக நாட்டிற் பஞ்சம் என்று கேள்வியுற்றுக் கப்பலேறியவன், காற்றின் காரணமாகக் கப்பல் ஒருநாள் தங்கிய அத்தீவிலே இறங்குகிறான். அவன் ஏறிவிட்டான் என்று எண்ணிய மாலுமி பாய்விரித்துச் சென்றுவிடுகிறான். மணிபல்லவம் நயினாதீவே என்று ஈழநாட்டு வரலாறு எழுதியோர் சிலர் கொள்வர். அக்கொள்கை எவ்வாறாயினும், ஈழத்து வாசகர் இக்காட்சியைத் தம் கடலோரத்தே வைத்துக் காண்பது இயல்பு. ஒருவர்க்கு ஒருநாளும் குறையாத அமுதம் கையில் இருக்க, உண்பார் எவருமின்றி நிற்கிறான் அவன். பலருயிர் ஓம்பும் பாத்திரத்தைத் தன்னுயிர் ஒன்றற்காக ஏந்துவதில்லை என்று துணிந்து, கோமுகிப் பொய்கையில் அதனை இட்டு, உண்ணா நோன்பிருந்து உயிர்விடுகின்றான். இக்காட்சியின் அழகிலே மயங்காதவர் அரியர். மயக்கம் தெளிந்தபின், அவன் பொறுத்திருந்திருக்கலாகாதா என்ற வினா எழும். அவ்வினாவுக்குரிய விடையைக் காப்பியம் பதினொரு காதைகள் கழித்தே தருகின்றது.

அதற்கு முன்னர் அப்பாத்திரம் மணிமேகலையின் கையை அடைகின்றது. அவள் சிக்கல் வேறு. ஆபுத்திரனைப் பிறப்புக் காட்டி வெளியே தள்ளினர். மணிமேகலையைப் பிறப்புக் காட்டி உள்ளே இழுக்கின்றனர். பாட்டி சித்திராபதியின் வாதம் தெளிவானது: கணிகையர் பத்தினிப் பெண்டிர் அல்லர், கணவனோடு உயிர்விடுதலும் நோன்பு நோற்றலும் அவர்க்கு உரியன அல்ல, குலத்தொழிலைக் கைவிடுதல் நகைப்புக்கு இடமாகும். சித்திராபதி கொடியவளாகப் படைக்கப்பட்டிலள். உலகம் தனக்கு வகுத்த எல்லையை உலகத்தினும் உறுதியாகப் பற்றி நிற்பவள் அவள். ஒடுக்கப்பட்டோர் கையைக் கொண்டே ஒடுக்குமுறைக்குக் காவலிடும் வழக்கத்தை இதனினும் நுட்பமாகக் காட்டிய பழைய பாத்திரம் தமிழில் அரிது. மாதவி அதனை மறுக்கின்றாள், மகளும் மறுக்கின்றாள். அம்மறுப்பு எளிதாக வந்ததன்று. உதயகுமரன் தன்னைக் கணிகை மகளென்று இகழ்ந்து பேசியும், தன் நெஞ்சம் அவன் பின்னே சென்றதை மணிமேகலை சுதமதியிடம் ஒளியாமல் உரைக்கின்றாள். ஊர் ஒருபுறமும் தன் நெஞ்சே மறுபுறமும் இழுக்க நிற்பவளுடைய துணிவு அது.

பிக்குணிக் கோலத்தோடு பாத்திரமேந்தி அவள் வீதிக்கு வந்தபோது ஊரார் திரண்டு வியந்து நோக்குகின்றனர். அவள் முதற்பிச்சை ஏற்பது ஆதிரையின் மனையில். ஆதிரை பத்தினிப் பெண்டிருள் தலையாயவள். சித்திராபதி கிழித்த கோட்டுக்கு அப்பாலுள்ளவள், இப்பாலுள்ளவளின் பாத்திரத்தில் முதற்சோற்றை இடுகின்றாள். ஆதிரையின் கணவன் சாதுவன் கலங்கவிழ்ந்து நாகர் மலையில் ஒதுங்கிய கதையும் அங்கே விரிகின்றது. மனிதரைத் தின்னும் அந்நாகரோடு அவர் மொழியிலேயே பேசி, அவர்களால் இயன்ற அளவான அறத்தை மட்டுமே அவன் கேட்டுப் பெறுகின்றான் என்பது தனிக்கட்டுரைக்கு உரிய பொருள்.

நடுப்பகுதியின் உச்சம் 19 ஆம் காதை. காயசண்டிகையின் வடிவில் மணிமேகலை சிறைக்கோட்டத்தினுட் புகுந்து, பசியால் வாடும் சிறையோர்க்கு உணவளிக்கின்றாள். யார் என்ன குற்றம் செய்தார் என்று அவள் வினவவில்லை. காவலர் அரசனுக்கு அறிவிக்கின்றனர். அரசன் அவளை அழைத்து வியந்து, உனக்கு யான் செய்யத்தக்கது யாது என்று கேட்கின்றான். பொன்னோ மணியோ அவள் கேட்டிலள். சிறையை ஒழித்து அதனை அறவோர் வாழும் கோட்டமாக்க வேண்டுமென்று கேட்கின்றாள். அரசனும் அவ்வாறே செய்கின்றான். அரசியல் அதிகாரத்தின் கொடிய உறுப்பை ஒரு பெண்ணின் ஒரு வேண்டுகோள் அடியோடு மாற்றிவிட்டதென இப்பகுதி கொண்டாடப்படுகின்றது. கொண்டாடத்தக்கதே. ஆனால் இரண்டு குறிப்புக்களை விட்டுவிடலாகாது.

அரசன் முன் நின்று பேசியவள் மணிமேகலை. அரசன் கண்டதோ காயசண்டிகையை. கணிகை மகள் தன் சொந்த உருவில் வந்து இதனைக் கேட்டிருந்தால் அச்சொல் அரசன் செவியில் ஏறியிருக்குமா என்பது முதற் குறிப்பு. இரண்டாவது இன்னும் கூரியது. உதயகுமரன் வெட்டுண்டு இறந்த செய்தி அரசனை அடைகின்றது. கன்றின் பொருட்டு மகனைத் தேர்க்காலில் இட்ட மனுச்சோழன் மரபை நினைந்து, மகன் பெற்றது தக்க தண்டமே என்று அரசன் அமைதி கொள்கின்றான். அந்த நடுநிலை நீடித்திருந்தாற் சிறப்பு. அதே மூச்சில், கணிகை மகளையும் காவலில் வைக்குமாறு பணிக்கின்றான். அக்காதைக்குச் சிறைசெய் காதை என்பதே பெயர். சிறை ஒழிந்த மூன்றாங் காதையிலே சிறை மீண்டும் வந்துவிட்டது! ஒழித்தவளே அதனுள் இருக்கின்றாள். அவள் செய்த குற்றம் யாதென்று ஒருவரும் கேட்டிலர். மன்னன் அருளாற் கிடைத்தது மன்னன் துயரால் மறைந்தது. அருளாக வந்ததற்கும் உரிமையாக வந்ததற்கும் உள்ள வேறுபாடு இதனினும் தெளிவாகப் புலப்படல் அரிது. சாத்தனார் இம்முரணைத் தெரிந்தே வைத்தாரா, கதையின் ஓட்டத்தில் அது தானே அமைந்ததா என்பது துணிதற்கரிது.

சிறையிலிருந்து விடுவிப்பதாகக் காட்டித் தன்பால் அழைத்துக்கொண்ட அரசமாதேவி, மயக்க மருந்தூட்டியும், இளைஞன் ஒருவனை ஏவியும், உணவின்றி அறையில் அடைத்தும் அவளை வருத்துகின்றாள். மந்திரங்கள் மணிமேகலையைக் காக்கின்றன. ஆதலின் அவள் உடல் தாங்கிய துன்பத்திற் படிப்போர்க்கு நடுக்கம் உண்டாவதில்லை; இது காப்பியத்தின் குறையே. ஆயினும், தோற்று நிற்கும் அரசி முன்னர் அவள் பேசும் பேச்சில் மந்திரமில்லை. நீ அழுவது மகனுடைய உடலுக்கா, உயிருக்கா என்று அவள் கேட்கின்றாள். தன்னைக் கொல்ல முயன்றவளோடு, மகனை இழந்த தாயென்ற முறையில் அவள் பேசுகின்றாள். சொந்த உருவில், எவரும் துணையின்றி, அதிகாரம் படைத்தவர் முன் நின்று அவள் உரைத்த உரை அது. சிறைக்கோட்டத்து வேண்டுகோளினும் இவ்வுரை ஒருபடி மேலானது.

வினைக்கொள்கை இந்நூலின் சமத்துவ உணர்வைக் கெடுத்துவிட்டது என்று குற்றங் கூறுவாருளர். பசித்தவன் முன்வினையாற் பசித்தான், சிறைப்பட்டவன் முன்வினையாற் சிறைப்பட்டான் என்றால் உரிமைக்கு இடமேது என்பது அவர் வாதம். இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. உதயகுமரன் இறப்புக்கும் முற்பிறப்பில் அவன் சமையற்காரனைக் கொன்ற வினையையே காரணமாக நூல் காட்டுகின்றது. எனினும் நூலில் வினைக்கொள்கை செய்யும் தொழிலை வரையறுத்துக் காணுதல் வேண்டும். அது துயருற்றோர்க்கு ஆறுதல் கூறப் பயன்படுகின்றது; சோறு மறுக்கப் பயன்படவில்லை. அம்பலத்திலும் சரி, சிறையிலும் சரி, அமுதசுரபியை ஏந்தியவள் எவனுடைய முன்வினையையும் கணக்குப் பார்த்தாளல்லள். கொள்கையளவில் ஏற்றத்தாழ்வுக்கு விளக்கம் வைத்திருக்கும் ஒரு நூல், செயலளவில் அவ்விளக்கத்தை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிடுகின்றது. கொள்கைக்கும் செயலுக்கும் இடைப்பட்ட இப்பிளவைச் சமயவாணர் குறையென்பர். இலக்கியம் கற்போர் அங்கேதான் புலவனுடைய மனத்தைக் காண்பர்.

முன்னர் விடுத்த வினா 25 ஆம் காதையில் விடை பெறுகின்றது. இறந்த ஆபுத்திரன் சாவக நாட்டிலே பசு வயிற்றிற் பிறந்து, புண்ணியராசன் என்னும் அரசனாக வாழ்கிறான். மணிமேகலையைக் கண்டு தன் பழம்பிறப்பை அறிய மணிபல்லவம் வருகிறான். தீவதிலகை அவனுக்குப் பழைய எலும்புகளைக் காட்டுகின்றாள். அவனுடைய எலும்புகள் மட்டுமல்ல. அவனைத் தீவில் விட்டுவந்ததை அறிந்து தேடி மீண்டு வந்து, அவன் இறந்தது கண்டு அங்கேயே உண்ணாது மாண்ட ஒன்பது செட்டிகளின் எலும்புகளும் அங்கே கிடக்கின்றன. கப்பல் திரும்பி வந்தது! உன்னுயிரையும் கொன்று, உன்பொருட்டு இரங்கி வந்த பிறருயிரையும் கொன்ற கொலைவன் அல்லையோ நீ, இன்று அரசனானாய் என்று அவள் கடிந்துரைக்கின்றாள். முன்னைய காதையில் அத்துணைப் பரிவோடு பாடப்பட்ட தியாகத்தைப் பின்னைய காதை கொலையெனத் தீர்ப்பிடுகின்றது. தன் நாயகனைத் தானே இவ்வாறு கூண்டில் நிறுத்திய காப்பியங்கள் தமிழில் மிகச் சில. மற்றவர்க்காகவே வாழ்வேன் என்று கூறித் தன்னைத் தேடிவரக்கூடிய மற்றவரை மறந்துவிட்ட பிழை அது.

எலும்புகளைக் கண்ட அரசன் கலங்கி, அரசைத் துறந்துவிட எண்ணுகிறான். மணிமேகலை அதற்கு உடன்படவில்லை. உன் நாடு உன்னை நினைந்து கலங்குகின்றது என்கிறாள். அறம் என்பது யாது என்று கேட்பின், உயிர்கட்கெல்லாம் உணவும் உடையும் இருப்பிடமும் அளிப்பதன்றி வேறில்லை என்னும் புகழ்பெற்ற விளக்கம் இவ்விடத்திலேயே வருகின்றது. 1948 ஆம் ஆண்டு டிசம்பர் 10 ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 25 ஆம் உறுப்புரையும் உணவு, உடை, வீடு என்பவற்றை முதன்மையாக எண்ணுகின்றது. ஒப்புமை கண்டு மகிழ்வோர் பலர், அவ்விளக்கம் யாரை நோக்கிக் கூறப்பட்டது என்பதைக் கவனிப்பதில்லை. பிரகடனம் பெறுவோனை நோக்கி, இது உன் உரிமை என்கிறது. மணிமேகலை கொடுக்கவேண்டியவனை நோக்கி, இது உன் கடன் என்கிறது. பெறுவோன் அதனைக் கேட்டு வாங்கும் நிலையை இக்காப்பியம் எங்கும் எட்டவில்லை; எட்டியதென்று பெருமை பேசுதல் நூலுக்கும் நேர்மையன்று. ஆனால் அக்கடன் துறவியிடம் கூறப்படவில்லை, வள்ளலிடமும் கூறப்படவில்லை. துறவு நோக்கித் திரும்பிய அரசனிடம், அரசனாகவே இருந்து செய்யவேண்டியது என்று கூறப்பட்டது. மதுரையில் மழை வந்தபோது ஆபுத்திரன் அடைந்த வெறுமைக்கு இதுவே மாற்று. அன்று அவனிடம் பாத்திரம் இருந்தது, நாடு இருக்கவில்லை. இன்று பாத்திரம் வேறொருத்தி கையில் இருக்கின்றது. அவனிடம் இருப்பது நாடு. ஒரு கலத்தாற் செய்ததை இனி ஆட்சியாற் செய்தல் வேண்டும். பசித்தோர் குறையக் குறைய அவன் தொழில் ஓங்குமேயன்றி ஒழியாது.

புண்ணியராசன் அதனை ஏற்றுக்கொள்கின்றான். தன் நாட்டிலாயினும் பிறர் நாட்டிலாயினும் அவ்வறத்தைச் செய்வதாகக் கூறுகின்றான். அவளைப் பிரிதற்கு மட்டுமே தயங்குகின்றான். கப்பலேறிச் சாவகத்துக்குச் செல்லுமாறு அவனிடம் கூறிவிட்டு, மணிமேகலை வான்வழியே வஞ்சி நோக்கிச் செல்கின்றாள்.